டூரிங் டாக்கீஸில் ஏன் மூன்று இடைவேளை?

தென்காசிப் பெண்:
எங்கள் ஊர் தியேட்டரைப் போன மாதம் இடித்துவிட்டார்கள். கட்டடம் வருவதற்கு முன்னால் அதே இடத்தில் டூரிங் டாக்கீஸ் என்கிற கீற்றுக் கொட்டகைதான் இருந்ததாம். ஒரே படத்துக்கு மூன்று இடைவேளை விடுவார்கள் என்று அப்பா சொல்கிறார். ஏன் அப்படி? அந்தத் தியேட்டரின் கதையை எழுத ஆசை. எங்கே தொடங்கலாம்?

கோவைக்காரன்:
டூரிங் சினிமா என்றாலே எங்கள் ஊர் சாமிக்கண்ணு வின்சென்ட்தான். திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்தவர். 1905இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பினார். பிறகு கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். அந்தச் சாலைக்கு இன்றும் அதுதான் பெயர்.

ஆபரேட்டர் மகன்:
என் அப்பா இருபது வருடத்துக்கு மேல் டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டர். பள்ளிக்கூடம் விட்டால் நான் கேபினில்தான் கிடப்பேன்.

மூன்று இடைவேளைக்குக் காரணம், கொட்டகையில் ஒரே ஒரு புரொஜெக்டர் இருந்ததுதான். ஆயிரம் அடி ரீல் பதினோரு நிமிடம் ஓடும். பதினாறு ரீல் படம் என்றால் நாலு நாலாகச் சேர்த்துச் சுற்றி வைப்பார். ஒரு சுற்று முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டு அடுத்ததை மாட்ட வேண்டும். அதற்குள் முறுக்கும் கடலையும் ஒரு சுற்று வந்துவிடும். டவுன் தியேட்டரில் இரண்டு மெஷின் இருக்கும், ஒன்று முடியும்போது இன்னொன்று தொடரும்.

வெளிச்சம் கார்பனில்தான். இரண்டு குச்சிகளின் நுனிகள் எதிரெதிரே எரியும். எரிய எரிய நடுவில் இடைவெளி கூடும், திரை மங்கும். அப்பா கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்துப் பார்த்துத் திருகிக்கொண்டே இருப்பார். கொஞ்சம் அசந்தால் தரை டிக்கெட்டிலிருந்து விசில் பறக்கும்.

ஃபிலிம் அறுந்தால் அவர் கை வேலையைப் பார்க்க வேண்டும். பிளேடால் ஓரத்தை லேசாகச் சுரண்டுவார். சிமெண்ட் என்கிற ஃபிலிம் பசையை ஒரு சொட்டுத் தடவி, ஓட்டைக்கு ஓட்டை சரியாக வைத்து, கட்டை விரலால் அழுத்திக்கொண்டு மனதுக்குள் எண்ணுவார். அந்த விரல் நகத்தில் கடைசி வரை ஒரு மஞ்சள் கறை இருந்தது. அவரைப் போன்றவர்கள் பெயர் எந்தப் போஸ்டரிலும் வரவில்லை. அதனால் சொல்கிறேன், முதலில் ஆட்களிடம் போங்கள். ஆபரேட்டர், டிக்கெட் கிழித்தவர், முறுக்கு விற்றவர், பெட்டி தூக்கிய சைக்கிள்காரர். பக்கத்து ஊருக்கும் ஒரே பிரிண்ட் என்றால் முடிந்த ரீலை அவர்தான் மிதித்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். இவர்களுக்கெல்லாம் வயதாகிவிட்டது. தள்ளிப் போடாதீர்கள்.

அப்புறம் காகிதங்கள். 1955ஆம் வருடச் சினிமா ஒழுங்குமுறைச் சட்டப்படி தியேட்டருக்கு உரிமம் கொடுப்பது கலெக்டர். ஃபைல் அங்கே இருந்தால் கொட்டகை வந்த வருடமும் கட்டடம் ஆன வருடமும் கிடைக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுப் பாருங்கள்.

தென்காசிப் பெண்:
ரொம்ப நன்றி அண்ணா. நீங்கள் எழுதியதை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். எங்கள் கொட்டகையில் டிக்கெட் கிழித்த தாத்தா மேலத் தெருவில்தான் இருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை இருவரும் போகிறோம். ஒரு சந்தேகம், அவர் பேசுவதை போனில் பதிவு செய்தால் போதுமா, எழுதியும் வைக்க வேண்டுமா?

ஆபரேட்டர் மகன்:
இரண்டும் செய்யுங்கள் தங்கச்சி. பழைய டிக்கெட் ஏதாவது வைத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள்.