மே மாசம் கொழுக்குமலை: எந்த டவுன் (வாத்து, வாத்தினப் பறவைகளோட மென்தூவி அடைச்ச) ஸ்லீப்பிங் பேக்?

கேள்வி (போடி):
சூரியநெல்லி வழியா கொழுக்குமலை போறோம், டென்ட்லதான் தங்கல். பேக் 600 கிராமுக்குள்ள வேணும். லேபிள்ல கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம்னு மூணு டெம்பரேச்சர் போட்டிருக்கானே, எதைப் பார்க்கணும்?

பதில் 1 (குமுளி):
கம்ஃபர்ட் மட்டும் பாருங்க. எக்ஸ்ட்ரீம்ங்கிறது தூங்குறதுக்கில்ல, உயிர் தப்பிக்கிற கணக்கு. மே மாசத்துக்கு கம்ஃபர்ட் 8–10 டிகிரி தாராளம். 800 ஃபில் பவர்னு பெருசா எழுதியிருப்பான். ஒரு அவுன்ஸ் டவுன் எத்தனை கன அங்குலம் உப்புதுங்கிறதுதான் அது. உள்ள எத்தனை கிராம் டவுன்னு போடலைன்னா வாங்காதீங்க. 200–250 கிராம் இருந்தா சரி. ஜிப் கால் வரைக்கும் திறக்கணும், கீழே வந்ததும் போர்வையா விரிச்சுக்கலாம்.

பதில் 2 (மூணார்):
குளிரை விட ஈரம்தான் அங்க வில்லன். சாயங்காலம் கோடை மழை பிடிச்சுக்கும். நனைஞ்ச டவுன் கட்டி கட்டியா ஒட்டிக்கும், அப்புறம் சூடு நிக்காது. டிரை பேக்ல (தண்ணி புகாத பை) போட்டு வாயை மூணு மடிப்பு சுருட்டுங்க. ராத்திரி டென்ட் சுவத்துல நீர் கோத்து நிக்கும். கால்மாடு அதுல உரசாம படுங்க, வென்ட்டை (டென்ட்ல காத்து போற திறப்பு) மூடாதீங்க.

கேள்வி கேட்டவர்:
கீழ விரிக்கிற மேட் அவசியமாங்க?

பதில் 1:
கண்டிப்பா. முதுகுக்குக் கீழ நசுங்குற டவுன் சும்மா துணி மாதிரிதான். மேட்டோட ஆர்-வேல்யூ (தரைக்குளிரை எவ்வளவு தடுக்கும்ங்கிற அளவு) 2 போதும். வீட்டுக்கு வந்ததும் ஸ்லீப்பிங் பேக்கை நிழல்ல உலர்த்தி, பெரிய பருத்திப் பையில தளர்வா வைங்க. அமுக்கியே வச்சிருந்தா உப்பல் போயிடும்.