நீரில் மூழ்கும் குழந்தைகள்: தடுப்புத் திட்டம் பலன் தந்ததா என்று எப்படி அளப்பது?

குறிப்பேடு கேட்டது:

வணக்கம். 1 முதல் 4 வயது வரையுள்ள குழந்தைகள் குளம், குட்டை, தொட்டிகளில் விழுந்து இறப்பதைத் தடுக்க 20 கிராமங்களில் ஒரு திட்டம் தொடங்கப்போகிறோம். காலையில் 4 மணி நேரக் குழந்தைகள் காப்பகம், வீட்டு வாசலில் தடுப்புக் கதவு, தாய்மார் கூட்டம் என்று மூன்று அங்கம். இறப்பு அதிகமாகப் பதிவான கிராமங்களாகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறோம்.

மதிப்பீட்டு வரைவில் இப்போதைக்கு இருப்பது இவ்வளவுதான்: திட்டத்துக்கு முந்தைய ஓராண்டின் இறப்பு எண்ணிக்கையைத் திட்டம் நடந்த ஓராண்டோடு ஒப்பிடுவது. தரவு மருத்துவமனைப் பதிவேட்டிலிருந்து.

முன்பு 12, பிறகு 7 என்று வந்தால் "40 சதவீதத்துக்கு மேல் குறைந்தது" என்று எழுதலாமா? பதிவேடு ஒன்றே போதுமா? வேறு எதையாவது அளக்க வேண்டுமா?

---

புள்ளிமான்:

எழுதக் கூடாது. ஏன் என்பதைக் காசு சுண்டிப் பார்த்தே சொல்லிவிடலாம். 12-ம் 7-ம் சேர்ந்து 19 இறப்பு. திட்டத்தால் ஒன்றுமே மாறவில்லை என்றால், ஒவ்வோர் இறப்பும் முன் ஆண்டில் விழுந்ததா பின் ஆண்டில் விழுந்ததா என்பது பூவா தலையா போலத்தான். 19 முறை சுண்டினால் முன் ஆண்டின் பக்கம் 12 அல்லது அதற்கு மேல் விழ 18 சதவீத வாய்ப்பு உண்டு. அதாவது ஏறக்குறைய ஐந்தில் ஒரு முறை, எதுவுமே செய்யாமல் இந்த "வெற்றி" கிடைத்துவிடும். (அதே அளவு வாய்ப்பில் "தோல்வியும்" வரும், 7 இருந்தது 12 ஆகும். அப்போது நல்ல திட்டத்தை மூடிவிடுவார்கள். எனக்கு இதுதான் பெரிய கவலை.)

12 என்ற எண்ணே அவ்வளவு உறுதியானது இல்லை. அரிதான நிகழ்வுகளை எண்ணும்போது பயன்படும் பாய்சான் பரவல்படி ஓராண்டில் 12 எண்ணியிருந்தால், அடியில் இருக்கும் உண்மையான ஆண்டுச் சராசரி 6 முதல் 21 வரை எதுவாகவும் இருக்கலாம்.

40 சதவீதக் குறைவை 80 சதவீதத் திறனோடு (உண்மையிலேயே குறைந்திருந்தால் நூற்றில் 80 முறை அது தெரியவரும்படி) கண்டுபிடிக்க வேண்டுமானால் முன் காலத்தில் சுமார் 77 இறப்பு, பின் காலத்தில் சுமார் 46 தேவைப்படும். ஆண்டுக்கு 12 என்றால் இரு பக்கமும் ஆறு ஆண்டுக்கு மேல் எண்ண வேண்டும். திட்டக் காலம் அவ்வளவு இருக்காது.

அடுத்தது நீங்கள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போன வரி: "இறப்பு அதிகமான கிராமங்களாகப் பார்த்து." சேவைக்கு அது சரி, கணக்குக்கு அது பொறி. ஒரு வருடம் உச்சத்தில் இருந்ததால் தேர்வான கிராமம் அடுத்த வருடம் தானாகவே கீழே இறங்கும். சராசரிக்குத் திரும்பல் என்பது இதுதான். தீக்காய ஆராய்ச்சியில் இதற்கு நல்ல ஜோடி உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் 1990-ல் தீக்காயம் மிக அதிகமாக இருந்த பகுதியில் பத்தாயிரம் புகை எச்சரிக்கைக் கருவிகளை இலவசமாகக் கொடுத்தார்கள். வீட்டுத் தீயில் காயமடைவோர் ஆண்டுக்கு லட்சத்துக்கு 15.3-லிருந்து 3.1 ஆனது, நகரின் மற்றப் பகுதியில் 3.6-லிருந்து 3.9. கேட்கவே இனிக்கிறது. லண்டனில் அதையே பகுதிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்தார்கள். இருபதாயிரம் கருவிகள், பொருத்தும் சாமான், துண்டுப் பிரசுரம், கேட்டால் வந்து பொருத்தியும் தந்தார்கள். 2002-ல் முடிவு வந்தபோது காயத்தில் வித்தியாசமே இல்லை. பின்னர் வீடு வீடாகப் பார்த்ததில் கருவி பெற்ற பகுதியில் வேலை செய்யும் நிலையில் இருந்தது 16 சதவீத வீடுகளில், பெறாத பகுதியில் 17!

ஓக்லஹோமாவின் குறைவு முழுக்கப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். தீ விபத்து நூற்றுக்கு எத்தனை காயம் என்று பார்த்தாலும் 5.0-லிருந்து 1.3 ஆகியிருக்கிறது. ஆனால் குலுக்கல் இல்லாததால் எவ்வளவு பங்கு கருவியால், எவ்வளவு பங்கு உச்சத்திலிருந்து தானாக இறங்கியதால் என்று பிரிக்க முடியாது. லண்டன் ஆய்வின் மதிப்பு வேறு: ஏன் பலிக்கவில்லை என்பதும் தெரிந்தது, ஏனென்றால் வீட்டுக்குள் போய்ப் பார்த்தார்கள்.

---

பதிவறை:

பதிவேடு பற்றி மட்டும் சொல்கிறேன்.

தண்ணீரில் மூழ்கும் சின்னக் குழந்தை பெரும்பாலும் அங்கேயே இறந்துவிடும். மருத்துவமனைக்கு வருவது ஓரளவு உயிர் இருக்கும் குழந்தைகள்தான். ஆகவே மருத்துவமனைப் பதிவேடு பிழைத்தவர்கள் பக்கம் சாய்ந்த தரவு. அதைவிட மோசம், திட்டம் தொடங்கி முதலுதவிப் பயிற்சி கொடுத்ததும் கொண்டுவருபவர்கள் கூடுவார்கள், பதிவும் கூடும். திட்டத்தால் மூழ்குதல் அதிகரித்ததாகப் பதிவேடு காட்டும்.

வந்த பதிவுகளிலும் குறியீடு உதைக்கும். ஐசிடி-10-ல் (நோய்களுக்கும் காயங்களுக்குமான சர்வதேசக் குறியீட்டுப் பட்டியல்) காயத்துக்கு இரண்டு குறியீடு வேண்டும். ஒன்று உடலுக்கு என்ன ஆனது என்பது (எஸ், டி வரிசை), இன்னொன்று எதனால் ஆனது என்பது (வி முதல் ஒய் வரை). அவசரப் பிரிவில் முதலாவதை மட்டும் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். தற்செயலாக மூழ்குதல் டபிள்யூ65 முதல் டபிள்யூ74 வரை. அதை மட்டும் தேடினால் படகு கவிழ்ந்து மூழ்கியது (வி90, வி92) விட்டுப்போகும், வெள்ளத்தில் போனது (எக்ஸ்38) விட்டுப்போகும், தற்செயலா இல்லையா என்று தீர்மானிக்க முடியாதது (ஒய்21) விட்டுப்போகும். "காரணம் குறிப்பிடப்படவில்லை" என்ற எக்ஸ்59-ம், ஆர்99-ம் எத்தனை இருக்கின்றன என்று முதலில் எண்ணுங்கள். அது பெரிய கும்பலாக இருந்தால், பதிவு எழுத்தரைப் பயிற்சிக்கு அனுப்பிய மாதத்திலேயே உங்கள் எண்ணிக்கை எகிறிவிடும்.

என் யோசனை: ஊர் அளவில் எல்லா இறப்பையும் பிடியுங்கள். பிறப்பு இறப்புப் பதிவு, காவல் நிலையப் பதிவு, ஊர்ச் சுகாதாரப் பணியாளரின் மாதப் பட்டியல் மூன்றையும் ஒப்பிட்டு, ஒவ்வோர் இறப்புக்கும் வீட்டாரிடம் நேர்காணல். கேள்வியில் "மூழ்கியதா?" என்று நேராகக் கேட்காமல், என்ன நடந்தது என்று அவர்கள் போக்கில் சொல்லவிட்டுப் பிறகு நேரம், நீர்நிலை, வீட்டிலிருந்து தூரம், யார் பார்த்துக்கொண்டிருந்தார், அப்போது அவர் என்ன வேலையில் இருந்தார் என்று கேளுங்கள். துக்கத்தில் இருப்பவர்கள், குறைந்தது சில வாரம் கழித்துப் போவது நல்லது.

இறக்காத காயங்களையும் வீட்டில் கேட்டு எண்ணுவதாக இருந்தால் நினைவுக் காலத்தைச் சுருக்குங்கள். கடந்த ஓராண்டில் என்று கேட்டால் சின்னக் காயம் பாதிக்கு மேல் மறந்துபோயிருக்கும். கானாவில் இதைச் சோதித்திருக்கிறார்கள்: மாதக் கணக்கில் பின்னோக்கிப் போகப் போக எண்ணிக்கை சரிகிறது, ஆனால் 30 நாளுக்கு மேல் முடக்கிப்போட்ட காயங்கள் மட்டும் அவ்வளவாக மறப்பதில்லை. ஆகவே சின்னதுக்கு ஒரு மாதம், மூன்று மாதத்தைத் தாண்ட வேண்டாம், பெரியதுக்கு ஓராண்டு.

இன்னொன்று. "கிட்டத்தட்ட மூழ்கியது", "உலர் மூழ்கல்" போன்ற வகைகளைப் படிவத்தில் வைக்காதீர்கள். 2002 ஆம்ஸ்டர்டாம் மாநாட்டு வரையறைப்படி நீரில் மூழ்கி மூச்சு தடைப்பட்டாலே அது மூழ்குதல்தான். முடிவு இறப்பா, பாதிப்போடு பிழைத்தாரா, பாதிப்பின்றிப் பிழைத்தாரா என்பது மட்டுமே வேறு.

---

வேலியோரம்:

புள்ளிமான் சொன்ன லண்டன் கதையில்தான் உங்கள் மூன்றாம் கேள்விக்கு விடை இருக்கிறது. இறப்பை எண்ண 77 வேண்டும். திட்டத்துக்கும் இறப்புக்கும் இடையில் இருக்கும் கண்ணியை அளக்க அவ்வளவு வேண்டாம். தடுப்புக் கதவு பூட்டியிருக்கும் வீடுகள் 30 சதவீதத்திலிருந்து 60 ஆகிறதா என்று பார்க்க ஒரு பக்கத்துக்கு 40 வீடு போதும். ஊருக்கு 10 வீடு எடுத்தால் ஒரே ஊர்க்காரர்கள் ஒரே மாதிரி இருப்பதற்காக (உட்குழு ஒப்புமை 0.05 என்றால்) 1.45-ஆல் பெருக்குங்கள். 60 வீடு, ஆறு ஊர். ஒரு வாரத்தில் முடிந்துவிடும்.

ஆனால் "தடுப்புக் கதவு இருக்கிறதா, ஆம்/இல்லை" என்று கேட்டால் எல்லா வீட்டிலும் ஆம்தான் வரும், நீங்கள்தானே கொடுத்தீர்கள். சொல்லாமல் போய், வாசலில் நின்ற அந்த நொடியில் கண்ணில் படுவதை எழுதுங்கள். ஒரு வரி இப்படி இருக்க வேண்டும்:

"11:20. கதவு சாத்தியிருக்கிறது, கொக்கி போடவில்லை. குழந்தை முற்றத்தில், கதவுக்கு வெளியே. பொறுப்பாளர் அடுக்களையில், குழந்தை கண்ணில் படாது, குரல் கேட்கும். அருகே உள்ள நீர்: திறந்த தொட்டி, 9 காலடி தூரம்."

மேற்பார்வை என்பது மூன்று தனி விஷயம்: கவனம் இருக்கிறதா, கைக்கெட்டும் தூரமா, விடாமல் தொடர்கிறதா. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கும் தாயாலும் மூன்றாவது முடியாது, அடுப்பில் பால் பொங்கும். அதனால்தான் உங்கள் மூன்று அங்கத்தில் தாய்மார் கூட்டத்தின் மேல் எனக்கு நம்பிக்கை குறைவு. நாள் முழுக்க ஒருவர் நினைவில் வைத்துச் செய்ய வேண்டிய தடுப்பைவிட, தானாக நிற்கும் தடுப்பு மேல். காயத் தடுப்பு ஆராய்ச்சியாளர் வில்லியம் ஹாடன் 1970-ல் ஆபத்தை விலக்க பத்து வழிகளை அடுக்கியபோது, ஆற்றலுக்கும் ஆளுக்கும் இடையே பொருளாலான தடையை வைப்பதையும் ஒரு வழியாகச் சொன்னார்.

கதவின் அளவுக்கு நீச்சல் குள வேலி விதிகளிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கம்பிகள் செங்குத்தாக, இடைவெளி 10 செ.மீ.க்கு மிகாமல், அடியிலும் அதே 10. குறுக்குச் சட்டம் வைத்தால் அது ஏணி. குள வேலிக்கு உயரம் 1.2 மீ., தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு. வேலி இருக்கும் நீச்சல் குளத்தில் மூழ்கும் வாய்ப்பு வேலியில்லாததில் கால் பங்குதான் (வாய்ப்பு விகிதம் 0.27). வீட்டையே நான்காம் பக்கமாக விட்டுவிட்டால் பலன் குறையும், குழந்தை வீட்டிலிருந்துதானே வருகிறது.

கதவு தோற்கும் விதம் மூன்று. குடத்தோடு வருபவர் ஒரு கையால் திறக்க முடியாததால் நாள் முழுக்கத் திறந்தே கட்டி வைப்பார். 6 வயது அண்ணன் கொக்கியைக் கழற்றிவிட்டுப் போவான். பக்கத்தில் முக்காலி கிடக்கும். முதலாவதுதான் அதிகம். ஒரு கையால் பெரியவர் திறக்கக்கூடிய கொக்கியை வெளிப்பக்கம் வையுங்கள்.

---

குறிப்பேடு:

மிக்க நன்றி. ஒரு சங்கடம். காப்பகம் பலன் தரும் என்று ஏற்கெனவே தெரிந்திருக்கும்போது லண்டனில் செய்ததுபோலக் குலுக்கி, ஒப்பீட்டுக்காகப் பத்து ஊரைச் சும்மா விடுவது எப்படி? காப்பகத்துக்கு வரும் குழந்தைகளையும் வராத குழந்தைகளையும் ஒப்பிட்டால் போதாதா?

---

புள்ளிமான்:

பங்களாதேஷின் "ஆஞ்சல்" காப்பகங்களைப் பற்றி 2012-ல் வந்த ஆய்வு கிட்டத்தட்ட அப்படித்தான் செய்தது. பங்கேற்ற குழந்தைகளுக்கு ஆபத்து விகிதம் 0.181, அதாவது 82 சதவீதம் குறைவு. நல்ல எண்தான். ஆனால் குழந்தையைத் தினமும் காப்பகத்துக்குக் கொண்டுவிடும் வீடு வேறு விதத்திலும் கவனமான வீடாக இருக்கும். அந்தப் பங்கைக் கழிக்க முடியாது.

ஊர்களைச் சும்மா விட வேண்டாம், வரிசையை மட்டும் குலுக்குங்கள். 20 ஊருக்கும் ஒரே நாளில் தொடங்க உங்களிடம் ஆளும் இருக்காது. நான்கு மாதத்துக்கு ஐந்து ஊர் என்று படிப்படியாகச் சேருங்கள், எந்த ஐந்து முதலில் என்பதைச் சீட்டுக் குலுக்கி. காத்திருக்கும் ஊர் அதுவரை ஒப்பீட்டு ஊர். மழைக்காலம் ஒரு படியில் மட்டும் வந்துவிடும் என்பதால் கணக்கில் மாத விளைவை (மாதத்துக்கு மாதம் இறப்பு தானாக ஏறி இறங்குவதை) கட்டாயம் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் முழுக்கக் குழப்பம்.

இன்னொரு ஒப்பீடு உங்கள் கைவசமே இருக்கிறது, செலவில்லாதது. காப்பகம் காலை 4 மணி நேரம்தான் நடக்கிறது, வார விடுமுறையும் உண்டு. ஒவ்வோர் இறப்பையும் காப்பக நேரம், மற்ற நேரம் என்று பிரியுங்கள். திட்டம்தான் காரணம் என்றால் காப்பக நேரத்து இறப்பு குறைய வேண்டும், மாலையும் விடுமுறையும் ஏறக்குறைய அப்படியே நிற்க வேண்டும். இரண்டும் ஒரே அளவு குறைந்தால், வறட்சியில் குட்டை வற்றியதா, பதிவு தளர்ந்ததா என்று தேடுங்கள். காலையில் குறைந்து மாலையில் கூடினால் ஆபத்தை வேறு மணி நேரத்துக்குத் தள்ளியிருக்கிறீர்கள்.

---

பதிவறை:

அதற்குத்தான் நேர்காணலில் நேரம் கேட்கச் சொன்னேன். "மதியம்" என்று எழுதி வருவார்கள், காப்பகம் மூடும் நேரத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரியாது. சமைத்து முடிந்திருந்ததா, பெரிய பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்பியிருந்தார்களா என்று அன்றைய நிகழ்வுகளோடு கோத்துக் கேட்டு, அரை மணிக்குள் கொண்டுவந்து நிறுத்துங்கள். கூடவே அதே ஊர்களில் சாலை விபத்து இறப்புகளையும் எண்ணி வையுங்கள். உங்கள் திட்டம் தொடாத அந்த எண்ணும் சரிந்தால், சரிந்தது பதிவுதான்.

---

வேலியோரம்:

படிவத்தில் ஒரு கட்டம் விட்டுப்போனது. காப்பகத்தில் பெயர் இருக்கிறதா என்பது வேறு, அன்று குழந்தை வந்ததா என்பது வேறு. சளி பிடித்து வீட்டில் விட்ட நாளில் மூழ்கிய குழந்தையைச் சேர்க்கைப் பட்டியல் "பங்கேற்றவர்" என்று சொல்லும். ஆகவே தினசரி வருகைப் பதிவு, வந்த நேரம், அழைத்துப்போன நேரம், அழைத்துப்போனவர் யார். கடைசிக் கட்டத்தில் "அக்கா, வயது 7" என்று அடிக்கடி வந்தால் திரும்பும் வழியில் எத்தனை நீர்நிலை இருக்கிறது என்று நடந்து பாருங்கள்.