புகைப்பெட்டியில் தட்டுக்குத் தட்டு எத்தனை இஞ்ச் விடலாம்? முழுத் தொடை, பன்றித் தோள் வைக்க

கொளத்தூர் மொட்டைமாடி:

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு பட்டறையில் கறி புகையூட்ட ஒரு நிற்கும் பெட்டி செய்யக் கொடுத்திருக்கிறேன். 2 மி.மீ. எம்.எஸ். (சாதா இரும்பு) தகடு. உள்ளளவு 24 இஞ்ச் அகலம், 20 ஆழம், 48 உயரம். அடியில் கரிக்கூடை, அதன் மேல் தண்ணீர்த் தட்டு, இதற்கே 18 இஞ்ச் போய்விடுகிறது, கறிக்கு மிச்சம் 30. இப்போது பட்டறைக்காரர் தினமும் போன் போட்டு, "எத்தனை தட்டு சார், எவ்வளவு கேப்பு, சொன்னாதானே ஆங்கிள் வெட்டலாம்" என்று கேட்கிறார் (ஆங்கிள் என்றால் தட்டு உட்கார இரு பக்கமும் வைக்கும் L வடிவ இரும்பு). நான் போட்ட கணக்கு 5 இஞ்சுக்கு ஒன்றாக 6 தட்டு. அதைக் கேட்டுவிட்டு வீட்டம்மா, "பேக்கரி வைக்கப் போறீங்களா?" என்றார்.

வாரக்கடைசியில் கோழிதான் வைப்பேன். ஆனால் இந்தப் பெட்டியைச் செய்வதே டிசம்பரை நினைத்துத்தான். ஆட்டுத் தொடை முழுசாக இரண்டு, எலும்போடு 4 கிலோ பன்றித் தோள், கிடைத்தால் ஒரு வான்கோழி. 5 இஞ்ச் போதுமா? ஒருமுறை வெல்டு அடித்துவிட்டால் அப்புறம் அழுதாலும் மாறாது என்பதால் கேட்கிறேன்.

சைதை புகைச்சல்:

போதவே போதாது. அனுபவத்தில் சொல்கிறேன். என் முதல் பெட்டிக்கு ஆசைப்பட்டு 4 இஞ்ச் இடைவெளியில் ஏழு தட்டு வைத்தேன். மீன், கோழிக்கால், சாசேஜ் எல்லாம் அருமையாக வந்தது. ஒரு நாள் பன்றித் தோளை உள்ளே தள்ளினேன், மேல் தட்டின் கம்பி கறியில் பதிந்து, அந்த வரிசை மட்டும் புகையே படாமல் வேகவைத்த கறி மாதிரி வெளுத்துப்போய் இருந்தது, மற்ற இடமெல்லாம் நல்ல கறுப்பு. கடைசியில் கட்டிங் மிஷின் வாங்கிவந்து மூன்று வரிசை ஆங்கிளை நானே அறுத்து எடுத்தேன்.

நீங்கள் சொல்கிற 5 இஞ்சும் உண்மையில் 5 இஞ்ச் இல்லை. பட்டறையில் ஆங்கிளுக்கு ஆங்கிள்தான் அளப்பார்கள். தட்டின் பிரேம், கம்பி இதற்கே முக்கால் இஞ்ச் போகும், கறிக்குக் கிடைப்பது நாலேகால். ஆட்டுத் தொடை அதன் பருத்த இடத்தில் 4 இஞ்ச் வரும், எலும்புத் தோள் 6 முதல் 7, வான்கோழி 8, 9 கூட. அதற்கு மேல் குறைந்தது 2 இஞ்ச் காலியாக இருந்தால்தான் புகை மேலே ஓடும். இன்னொன்று, வேகும்போது கறி சுருங்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். சுருங்கும்தான், ஆனால் நீளவாக்கில். நடுவில் மேலே எழும்பும். மாட்டு நெஞ்சுக்கறி வைத்துப் பாருங்கள், காலையில் பாய் மாதிரி படுத்திருந்தது மாலையில் தலையணை மாதிரி உட்கார்ந்திருக்கும். பச்சைக் கறியை அளந்து கணக்குப் போட்டால் அங்கேயே இடிக்கும்.

தெர்மாமீட்டர் ஊசியையும் மறக்க வேண்டாம், பக்கவாட்டில் குத்துங்கள். மேலிருந்து குத்தினால் அதற்கு வேறு உயரம் தேவைப்படும்.

ஆவடி வெல்டிங்:

நான் இந்தத் தொழிலில் இருப்பவன். தம்பி, "எத்தனை தட்டு" என்று உங்களிடம் கேட்டதே தப்பு. தட்டு மூன்று போதும், நாலுக்கு மேல் வேண்டாம். ஆனால் தட்டு உட்காரும் இடம் நிறைய இருக்க வேண்டும். 2 இஞ்சுக்கு ஒரு ஜோடி ஆங்கிள் வைத்தால் கோழிக்கு 6, தோளுக்கு 10, வான்கோழிக்கு 12 என்று தேவைக்குத் தள்ளி மாட்டிக்கொள்ளலாம். ஆனால் 30 இஞ்சுக்கு 14 ஜோடி. வெல்டிங் கூலியும் ஏறும், புகைப் பிசுக்கு ஒட்டிக் கழுவுவதும் நரகம்.

நான் இப்போதெல்லாம் செய்வது வேறு மாதிரி. நாலு மூலைக்கும் தட்டையான ஒவ்வொரு இரும்புப் பட்டி, 1 இஞ்ச் அகலம், 5 மி.மீ. கனம். நாலையும் அடுக்கிக் கிளாம்ப் போட்டு இஞ்சுக்கு ஒரு 8 மி.மீ. துளை. சேர்த்தே துளைப்பதால் நாலிலும் துளை ஒரே மட்டத்தில் வரும், தட்டு ஆடாது. ஆங்கிளின் இரண்டு முனையிலும் சின்ன ஆணி வெல்டு வைத்துத் துளையில் சொருகுவதுதான், கழற்றிக் கழுவலாம். பட்டியை மட்டும் சுவரோடு ஒட்டி அடிக்க விடாதீர்கள், அரை இஞ்ச் தள்ளி நிற்கட்டும், இல்லையென்றால் ஆணி உள்ளே போகாது.

தட்டுக்கு எஸ்எஸ் 304 (துருப்பிடிக்காத எஃகு) கம்பி, 6 மி.மீ. போதும், அடியில் குறுக்கே ஒரு தாங்கல் வைக்கச் சொல்லுங்கள், இரண்டு தொடை சேர்ந்தால் நடுவில் தொய்யும். விலை குறைவு என்று ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) வலை யாராவது காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், சூட்டில் அந்தத் துத்தநாகப் பூச்சு ஆகாது.

ஆங்கிளுக்குப் பதில் சி சேனல் (C வடிவ இரும்பு) வைத்தால் இன்னும் நல்லது. வெறும் ஆங்கிளில் தட்டைப் பாதி வெளியே இழுத்தால் முன்பக்கம் சாயும். ஒரு வாடிக்கையாளர் வீட்டில் அப்படி இழுத்து முழுத் தொடை மாடித் தரையில் விழுந்தது. அவர் துணி எடுத்துவர உள்ளே போன நேரத்தில் காக்காய்கள் பந்தி போட்டுவிட்டன.

பரங்கிமலைக்காரன்:

எல்லோரும் தட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். தொடையைத் தொங்க விடுங்களேன். கணுக்கால் எலும்புக்குப் பக்கத்தில் கொக்கி போட்டு மேலே ஒரு குறுக்குக் கம்பியில் மாட்டினால் இடைவெளிப் பிரச்சினையே இல்லை, நாலு பக்கமும் புகை படும், கம்பித் தழும்பும் விழாது. எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு இப்படித்தான். 17, 18 இஞ்ச் தொங்கும், கொக்கியோடு 22 வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் 30 இஞ்சில் தாராளம்.

ஆனால் பன்றித் தோளைத் தொங்கவிட்டுவிடாதீர்கள் அண்ணே. அது பிய்ந்து வரும் பதத்துக்கு உள்சூடு 93, 95 டிகிரி போக வேண்டும், அந்த நிலையில் கொக்கியில் எலும்பு மட்டும்தான் நிற்கும், கறி தண்ணீர்த் தட்டில் கிடக்கும்.

கோழி எப்போதும் அடித்தட்டில்தான். அதன் பச்சை நீர் கீழே இருக்கிற ஆட்டுக்கறி மேல் சொட்டக் கூடாது. கோழிக்கு உள்சூடு 74 வர வேண்டும், ஆட்டுத் தொடையை அதற்கு முன்பே இறக்குபவர்கள் உண்டு, வம்பு அங்கேதான்.

தம்புசெட்டித் தெரு:

இவ்வளவு தகராறு எதற்கு, 200 லிட்டர் டிரம் ஒன்று பிடித்து கரிக்கு மேலே 24 இஞ்சில் ஒரே ஒரு தட்டு போட்டால் முடிந்தது. எந்தக் கறியும் இடிக்காது. உள்ளே என்ன இருந்த டிரம் என்று மட்டும் கேட்டு வாங்குங்கள், கெமிக்கல் டிரம் வேண்டாம்.

சைதை புகைச்சல்:

@தம்புசெட்டித் தெரு, ஒரே தட்டில் இரண்டு தொடை, தோள், கோழி எல்லாம் எப்படி அடங்கும்? டிரம் குறுக்களவே 22 இஞ்ச் சொச்சம்தான்.

கொளத்தூருக்கு இன்னொரு விஷயம். எத்தனை இஞ்ச் விட்டாலும் தட்டை ஓரம்வரை நிரப்பாதீர்கள், சுற்றிலும் ஒன்றரை இஞ்சாவது வெறுமையாக இருக்கட்டும். ஒரு தட்டில் கறி முன்பக்கம் என்றால் அடுத்த தட்டில் பின்பக்கம். புகை வளைந்து வளைந்து போகும். என் பெட்டியில் மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் 15 டிகிரி வித்தியாசம் வரும், உங்களுடையதில் எவ்வளவு என்று வெறும் பெட்டியை 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கறி வையுங்கள். வாடை போவதற்கும் அந்த ஓட்டம் வேண்டும்.

கொளத்தூர் மொட்டைமாடி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று கறிக்கடைக்கு இஞ்ச் டேப்போடு போய், தோளை எடை போட்டதும் எலும்புப் பக்கம் கீழே வைத்து அளந்தேன், ஆறரை இஞ்ச். கடைக்காரர், "சட்டை தைக்கவா சார்?" என்று கேட்டார். கேட்கட்டும்.

ஆறரை, எழும்புவதற்கு ஒன்று, மேலே காலி 2, பிரேமுக்கு முக்கால். மொத்தம் பத்தேகால் வருகிறது, நான் 5 போடச் சொல்ல இருந்தேன்! துளைப் பட்டிதான் என்று முடிவு. தட்டு மூன்று, மேலே கொக்கிக்கு ஒரு குறுக்குக் கம்பி. தொடையைத் தொங்கவிடும் நாளில் அந்தப் பக்கம் தட்டு இருக்கக் கூடாது என்பதால் ஒரு தட்டை மட்டும் பாதி அகலத்தில் இரண்டு துண்டாகச் செய்யச் சொல்லியிருக்கிறேன். அந்தத் துண்டுகள் நடுவில் உட்கார இன்னொரு தாங்கல் வேண்டும் என்கிறார் பட்டறைக்காரர். ஆவடி அண்ணே, அதையும் இதே மாதிரி கழற்றுகிற மாதிரி செய்ய வழி இருக்கிறதா?

ஆவடி வெல்டிங்:

இருக்கிறது. முன்னும் பின்னும் ஒரு குறுக்குப் பட்டி, இரண்டு முனையிலும் ஆணி வைத்து அதே மூலைத் துளையில் சொருகுங்கள். அதன் மேல் நடுவில் ஒரு டீ (T வடிவ) ஆங்கிளைக் கவிழ்த்து வைத்தால் இரண்டு துண்டும் இரு பக்கமும் உட்காரும். நாளைக்குப் படம் வரைந்து போடுகிறேன், அதுவரை ஆங்கிள் எதையும் வெட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள்.