கருப்பட்டி காப்பி கேட்டா என்னத்த சொல்ல?

தாமிரபரணி_தம்பி:
நான் ஹவுஸ் சர்ஜன், நெல்லை பக்கம். நேத்து ரவுண்ட்ஸ்ல உடன்குடி தாத்தா ஒருத்தர், சுகர் 280, "ஏ தம்பி, சீனிய விட்டுட்டேன், கருப்பட்டி காப்பி குடிக்கலாம்லா"ன்னு கேக்காவ, நான் பேந்த பேந்த முழிக்கேன். சுகர் மாத்திர மெட்ஃபார்மின் டோஸ் தூக்கத்துல கேட்டாலும் சொல்லிருவேன், சாப்பாடுன்னா வாயே தொறக்க மாட்டேங்கு. முதல் வருஷம் பயோகெமிஸ்ட்ரில வைட்டமின் படிச்சதோட சரி. உங்களுக்கும் இப்படித்தானா?

குறுக்குத்துறை_அக்கா:
எல்லாருக்கும் இதே கததான். கருப்பட்டியும் முக்காவாசி சுக்ரோஸ்தான், அதாவது சீனில இருக்க அதே சர்க்கரதான், சுகர ஏத்தத்தான் செய்யும்னு சொல்லிருங்க. அப்படியே தட்டுல என்ன இருக்குன்னும் கேளுங்க, மலை மாதிரி சோறு, ஓரத்துல ஒரு கரண்டி அவியல், பிரச்சின அங்கதான் கெடக்கு.

பிஜி_ரெண்டாம்வருசம்:
இதவிட பயங்கரம் ரீஃபீடிங் சிண்ட்ரோம்யா, பல நாள் பட்டினி கெடந்தவங்களுக்கு திடீர்னு சத்து ஏத்துனா வர்ற ஆபத்து. பத்து நாளா ஒண்ணும் எறங்காம வந்த ஆச்சிக்கு நான்பாட்டுக்கு டெக்ஸ்ட்ரோஸ், அதான் குளுக்கோஸ் டிரிப், ஏத்தப் போனேன், டயட்டீஷியன் அக்காதான் கைய புடிச்சாவ, மொதல்ல தயமின் (வைட்டமின் பி1) போடு, பாஸ்பேட் பொட்டாசியம் மக்னீசியம் பாரு, ஒரு நாளைக்கு உடம்பு எட கிலோவுக்கு 10 கிலோகலோரிக்கு மேல ஆரம்பிக்காதன்னு. திடீர்னு குளுக்கோஸ் போனா இன்சுலின் ஏறி ரத்தத்துல இருக்க பாஸ்பேட்ட செல்லுக்குள்ள இழுத்துரும், ஹார்ட்டே நின்னுரலாம். இத எந்த கிளாஸ்லயும் நான் காதுகொடுத்து கேட்ட ஞாபகமே இல்ல.

தாமிரபரணி_தம்பி:
யாத்தே. தாத்தாட்ட சொல்லிட்டேன், "அப்போ கருப்பட்டி மிட்டாயும் கூடாதோ"ங்காவ 😄