இசைத்தட்டின் கடைசிப் பாடலில் மட்டும் ஒலி சிதைகிறது: ஆலோசனை தேவை

வணக்கம். ஐஸ்லாந்தின் சிகுர் ரோஸ் குழு 2002இல் வெளியிட்ட, பெயருக்குப் பதில் இரண்டு அடைப்புக்குறிகளை மட்டுமே கொண்ட தொகுப்பின் இரட்டை இசைத்தட்டில், எட்டாவது பாடலின் உச்சம் மூன்று வாரங்களாகச் சிதைந்து ஒலிக்கிறது. 11 நிமிடங்களுக்கும் மேல் நீளும் அப்பாடல் மெல்லக் கனன்று, டிரம்ஸும் வில்லால் இழைக்கப்படும் கிட்டாரும் ஒருசேர வெடிக்கும் அந்த இடத்திற்காகவே தொகுப்பு முழுவதையும் பொறுமையாகக் கேட்பவன் நான்.

என்னிடம் இருப்பது மூன்றாண்டுப் பழைய பெல்ட் டிரைவ் (பட்டையால் சுழலும்) டர்ன்டேபிள். மூவிங் மேக்னட் வகைக் கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அசைவை மின் சமிக்ஞையாக்கும் பகுதி), நீள்வட்ட முனை ஊசி. பக்கத்தின் தொடக்கம் தெளிவாக இருக்கிறது. ஊசி நடுவிலுள்ள லேபிளை நெருங்க நெருங்க, குழுவின் பாடகர் ஜோன்சியின் உச்சக்குரல் மணலில் உரசுவதுபோல் கரகரக்கிறது. வலது ஸ்பீக்கரில்தான் அதிகம். உள்வட்டத்தில் பள்ளம் ஊசியைக் கடக்கும் வேகம் வெளிவட்டத்தில் இருப்பதில் பாதிக்கும் குறைவு என்பதை அறிவேன், ஆனால் முன்பு இதே தட்டு இதே கருவியில் சுத்தமாகப் பாடியது.

தட்டைக் கழுவினேன், ஊசியைத் துடைத்தேன், அழுத்தத்தை 1.8 கிராமிலிருந்து 2 கிராமாக உயர்த்தினேன், அளவுத்தாள் வைத்துக் கார்ட்ரிட்ஜின் கோணத்தைச் சரிசெய்தேன். ஆம்ப்ளிஃபயரில் இடவல வயர்களை மாற்றிச் செருகியபோது கரகரப்பு இடது ஸ்பீக்கருக்கு மாறியது. நண்பரின் டர்ன்டேபிளில் தட்டு குறையின்றி ஒலிக்கிறது.

இது ஊசித் தேய்மானமா, அல்லது ஆன்டி-ஸ்கேட்டிங் (ஊசிக்கரத்தை உள்நோக்கி இழுக்கும் விசையை ஈடுசெய்யும் அமைப்பு) அளவின் பிழையா என்பதைப் புதிய ஊசி வாங்கும் முன் வீட்டிலேயே உறுதிசெய்ய என்ன வழி?