பத்தாண்டு நம்பிக்கைக்குப் பிறகு ஒரு கையாடல்: ஏன் நடக்கிறது, எப்படித் தடுப்பது?

கேள்வி: சிறுநிறுவனர்

பதினெட்டுப் பேர் பணிபுரியும் ஒரு சிறு நிறுவனத்தை நடத்தி வருகிறேன். வாடிக்கையாளர்களிடம் பணம் வாங்குவது, ரசீது கொடுப்பது, வங்கியில் செலுத்துவது, பேரேட்டில் பதிவது ஆகிய நான்கையும் பத்தாண்டுகளுக்கு மேலாக ஒருவரே கவனித்து வந்தார். அவர் ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை; விடுப்பு எடுத்ததும் மிக அரிது. சென்ற மாதம் உடல்நலக் குறைவால் இரண்டு வாரம் அவர் வர முடியாமல் போனபோது, ஏற்கெனவே பணம் செலுத்திவிட்ட மூன்று வாடிக்கையாளர்களுக்கு நிலுவைக் கடிதம் போய்விட்டது. அவர்கள் ரசீதுகளுடன் நேரில் வந்து கேட்ட பிறகுதான், நான்கு ஆண்டுகளாகக் கையாடல் நடந்து வந்தது தெரிந்தது.

இழந்த தொகையைவிட என்னை அதிகம் வருத்துவது, அவரை நான் வீட்டில் ஒருவராகவே எண்ணியிருந்ததுதான். இப்படிப்பட்டவர்கள் ஏன் இதைச் செய்கிறார்கள்? இனி மற்றவர்களை எல்லாம் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டுதான் தொழில் நடத்த வேண்டுமா?

பதில்: பேரேடு

ஐயா, தாங்கள் விவரித்திருப்பது தணிக்கைத் துறையில் பழகிப்போன ஒரு முறை. முதல் வாடிக்கையாளர் கொடுத்த பணத்தை எடுத்துக்கொண்டு, அவர் கணக்கில் விழும் துண்டை இரண்டாமவர் பணத்தால் மூடி, இரண்டாமவருடையதை மூன்றாமவர் பணத்தால் மூடிக்கொண்டே போவார்கள். ஒருநாள் கவனம் தவறினாலும் இந்தச் சங்கிலி அறுந்துவிடும் என்பதால், இதைச் செய்பவரால் விடுப்பில் போகவே முடியாது.

அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்திலுள்ள டிக்சன் என்ற சிறு நகரின் நிதி அலுவலராக இருந்த ரீட்டா கிரண்ட்வெல், 1990 முதல் 2012 வரை ஏறத்தாழ 5.3 கோடி டாலர் நகராட்சிப் பணத்தைத் தாம் தொடங்கியிருந்த ஒரு ரகசியக் கணக்குக்கு மாற்றிக்கொண்டிருந்தார். ஆண்டுதோறும் நடந்த தணிக்கையில் அது சிக்கவில்லை. அவர் நீண்ட விடுப்பில் இருந்தபோது அவருடைய வேலையைப் பார்த்த சக அலுவலர், எல்லாக் கணக்குகளின் அறிக்கைகளையும் அனுப்புமாறு வங்கியிடம் கேட்டார். யாரும் அறியாத அந்தக் கணக்கின் அறிக்கையும் சேர்ந்தே வந்தது. உங்கள் அலுவலகத்தில் இரண்டு வாரத்தில் நடந்ததும் இதுவே.

ஏன் செய்கிறார்கள் என்ற கேள்விக்கு, குற்றவியலாளர் டொனால்ட் கிரெஸ்ஸி 1953இல் வெளியிட்ட ஆய்வையே இன்றும் அடிப்படையாகக் கொள்கிறோம். சிறையில் இருந்த கையாடல்காரர்களிடம் நேரில் பேசி அவர் கண்டவை மூன்று: பிறரிடம் சொல்ல முடியாத ஒரு பணநெருக்கடி, அதை யாருக்கும் தெரியாமல் தீர்த்துக்கொள்ள வேலையில் கிடைக்கும் வாய்ப்பு, தன் மனத்துக்குத் தானே சொல்லிக்கொள்ளும் ஒரு நியாயம். இவற்றில் ‘சொல்ல முடியாத’ என்ற சொல்லைத்தான் பலரும் கவனிப்பதில்லை. கடன் பலருக்கும் உண்டு. அதை மனைவியிடமோ முதலாளியிடமோ சொன்னால் தன் மதிப்பே போய்விடும் என்று அஞ்சுகிறவரே பெட்டிப் பணத்தின் பக்கம் திரும்புகிறார். அப்போதும் தான் திருடுவதாக அவர் எண்ணுவதில்லை. கைமாற்றாகத்தான் எடுக்கிறேன், அடுத்த மாதம் வைத்துவிடுவேன் என்றே தொடங்குகிறார். தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்று நாம் சாதாரணமாகச் சொல்லும்போதே அந்த நியாயத்தைப் பாதி எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.

பதில்: இரண்டாம் கையொப்பம்

மேலே சொன்ன மூன்றில் நெருக்கடியும் நியாயமும் ஒருவருடைய மனத்துக்குள் இருப்பவை. வெளியிலிருந்து நாம் கைவைக்கக்கூடியது வாய்ப்பு ஒன்றுதான் என்பது என் உறுதியான கருத்து. 233 ஆண்டுப் பழமை கொண்ட பிரிட்டனின் பேரிங்ஸ் வங்கி 1995இல் வீழ்ந்ததற்கு, சிங்கப்பூர்க் கிளையில் நிக் லீசன் என்ற ஒருவரிடமே வணிகம் செய்யும் பொறுப்பும் அந்த வணிகத்தைச் சரிபார்த்துக் கணக்கு முடிக்கும் பொறுப்பும் இருந்தது ஒரு முக்கியக் காரணம். 82 கோடி பவுண்டுக்கு மேற்பட்ட நட்டத்தை அவரால் ஒரு பிழைக் கணக்குக்குள், அதாவது வணிகத்தில் நேரும் தவறுகளைப் பதிவதற்கான கணக்குக்குள், மறைத்து வைக்க முடிந்தது.

பதினெட்டுப் பேர் உள்ள இடத்தில் தனித் துறைகளுக்கு வழியில்லை என்றாலும், பணத்தைத் தொடுபவரும் அதைப் பதிபவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்ற ஒன்றையாவது காப்பாற்றுங்கள். வங்கி அறிக்கை நேரே உங்களிடம் வரட்டும். மாதம் ஒருமுறை அதை ரொக்கப் புத்தகத்தோடு நீங்களே ஒப்பிடுங்கள். வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் கணக்கு விவரம், வசூலில் தொடர்பே இல்லாத ஒருவர் கையால் போகட்டும். ரசீதுப் புத்தகங்களை வரிசை எண் பார்த்துக் கொடுத்துத் திரும்ப வாங்குங்கள். ஆண்டில் இரண்டு வாரம் எல்லாரும் தொடர்ந்து விடுப்பில் போக வேண்டும், அந்த நாட்களில் அவர்கள் வேலையை வேறொருவர் செய்ய வேண்டும் என்பதை விதியாக்குங்கள். இது சந்தேகம் ஆகாது. பணம் குறைந்தால் முதலில் சந்தேகிக்கப்படுபவர் நேர்மையான காசாளர்தான். தம்மேல் பழி விழாமல் இருக்க இரண்டாவது கையொப்பத்தை அவரே விரும்புவார்.

பதில்: முன்னாள் உள்தணிக்கையர்

வாய்ப்பை மட்டுமே தொட முடியும் என்பதை நான் ஏற்கவில்லை. சம்பள முன்பணம் கேட்டால் ஏளனமாகப் பார்க்கும் அலுவலகத்துக்கும், அதற்கு ஒரு முறையான விண்ணப்பம் வைத்திருக்கும் அலுவலகத்துக்கும் வேறுபாடு உண்டு. இரண்டாவதில் கடனைச் சொல்ல ஒரு வாசல் இருக்கிறது. நியாயமும் அப்படித்தான். முதலாளியே வவுச்சர் இல்லாமல் பெட்டியிலிருந்து சொந்தச் செலவுக்கு எடுத்தால், பார்த்துக்கொண்டிருப்பவருக்கு வேறு நியாயம் தேவைப்படாது.

மோசடிகளை வெளியே கொண்டுவருவது பெரும்பாலும் கணக்குப் புத்தகம் அன்று, மனிதர்களே. சான்று பெற்ற மோசடி ஆய்வாளர்கள் சங்கத்தின் 2024 அறிக்கையில், ஆராயப்பட்ட வழக்குகளில் 43 விழுக்காடு யாரோ ஒருவர் கொடுத்த தகவலால் தெரியவந்தவை. அந்தத் தகவல்களில் பாதிக்கு மேல் ஊழியர்கள் கொடுத்தவை. வெளித்தணிக்கை கண்டுபிடித்தது 3 விழுக்காடுதான். நான் முன்பு பணிபுரிந்த ஓரிடத்தில், ஒரே கடையிலிருந்து ஒரே தொகைக்குத் திரும்பத் திரும்ப பில் வருவதாக ஓர் இளநிலை எழுத்தர் சொன்னார். உன் வேலையைப் பார் என்று அவரை அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பின் இரண்டு ஆண்டுகள் அங்கே யாரும் எதையும் சொல்லவில்லை, இழப்பு மட்டும் பெருகியது. அன்று அவருக்காக நான் வாதாடாமல் இருந்தது இன்றும் என்னை உறுத்துகிறது.

சிறுநிறுவனர்

அனைவருக்கும் நன்றி. உங்கள் பதில்களைப் படித்த பிறகு ஊழியர்களிடம் தனித்தனியே பேசினேன். இருவருக்கு ஓராண்டுக்கு முன்பே ஐயம் இருந்திருக்கிறது. அவர்மேல் எனக்கிருந்த பற்றைப் பார்த்து வாய் திறக்கவில்லை என்றார்கள். வவுச்சர் இல்லாமல் நானும் பணம் எடுத்திருக்கிறேன், அதை மறைக்க விரும்பவில்லை. ஒன்று மட்டும் முடிவெடுக்க முடியவில்லை: பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்கிறார், அமைதியாக விலக்கிவிடலாமா?

பதில்: பேரேடு

அவசரப்பட்டு எதற்கும் ஒப்புக்கொள்ள வேண்டாம். முதலில் ரசீதுகளையும் கோப்புகளையும் கணினியையும் அவர் தொட முடியாதபடி பாதுகாத்து, வெளியிலிருந்து ஒரு கணக்காய்வாளரைக் கொண்டு முழுத் தொகையைக் கண்டறியுங்கள்; இப்படிப்பட்டவர்கள் முதலில் ஒப்புக்கொள்ளும் தொகை உண்மையான தொகையைவிடக் குறைவாக இருப்பதே வழக்கம். பிறகு வழக்கறிஞரைக் கேட்டு முடிவெடுங்கள். எதுவானாலும் நன்னடத்தைச் சான்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்; அடுத்த முதலாளி உங்கள் கையொப்பத்தை நம்பித்தான் பெட்டிச் சாவியை அவரிடம் கொடுப்பார். மௌனமாக இருந்த அந்த இருவரையும் கடிந்துகொள்ள வேண்டாம். இனி இதுபோன்ற ஐயம் வந்தால் யாரிடம் சொல்வது என்பதை அவர்களையே கலந்து முடிவு செய்யுங்கள்.