ஆய்வுக்கூட மீனும் இறாலும்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

ஹெப்பாள் தொட்டிக்காரர்:

பெங்களூரின் வடக்குப் பக்கத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் மீன்தொட்டிகளைப் பராமரிப்பது என் வேலை. அத்தனையும் ஜீப்ரா மீன். நம் நாட்டு ஓடைகளிலும் வயல்வாய்க்கால்களிலும் திரிகிற, சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத மீன்தான். 1970களில் ஒரிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் அதை மரபணு ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். உலகத்தைச் சுற்றிவிட்டு இப்போது 28 டிகிரி தண்ணீரிலும் 14 மணிநேர விளக்கு வெளிச்சத்திலுமாக நம்மிடமே வந்து சேர்ந்திருக்கிறது.

மீனுக்கு வலிக்குமா என்று வருகிறவர்களெல்லாம் கேட்கிறார்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன். எந்த மீனில் எந்த மரபணு இருக்கிறது என்று அறிய வால்துடுப்பின் ஓரத்தைச் சிறிது வெட்டி எடுப்பார்கள். அதற்கு முன் டிரைகெய்ன் என்ற மயக்க மருந்து கலந்த தண்ணீரில் மீனை விட வேண்டும். அந்த மருந்து கரைந்தால் தண்ணீர் அமிலமாகிவிடும். வீட்டில் ஆப்பசோடா என்கிறோமே, அந்தச் சோடியம் பைகார்பனேட்டைச் சேர்த்து அமிலத்தை முறிக்க வேண்டும். அவசரத்தில் சோடாவைத் தவிர்க்கிற மாணவர்கள் உண்டு. அந்தத் தண்ணீரில் விட்ட மீன் மயங்குவதற்கு முன் கிண்ணத்தின் சுவரில் மோதி மோதித் துள்ளும். சோடா சரியாக இருந்தால் செவுள் மூடி அசைவது மெல்லக் குறைந்து, மீன் ஒருக்களித்துச் சாயும். இரண்டு கிண்ணங்களையும் அருகருகே பார்த்தவருக்கு விளக்கம் தேவைப்படாது. வெட்டுப்பட்ட மீன் தொட்டிக்குத் திரும்பிய பிறகும் சற்று நேரம் அடியிலேயே கிடக்கும். தீனி போட்டாலும் மேலே வராது.

இன்னொரு விஷயம் மனதை அரிக்கிறது. ஆய்வு விலங்குகளுக்கான ஐரோப்பியச் சட்டப்படி, தானாக இரை தேடத் தொடங்கிய மீன்குஞ்சுதான் கணக்கில் வரும். ஜீப்ரா மீனுக்கு அது ஏறக்குறைய ஐந்தாம் நாள். அந்தக் குஞ்சுகளுக்கு இரையாக நான் தினமும் காலையில் ஆர்டீமியா பொரிக்கவிடுகிறேன். அதுவும் இறால், நண்டு வகையறாவில் சேர்ந்த உயிர்தான். அதை யாரும் எண்ணுவதில்லை. அதற்கு வலிக்கிறது என்று நான் வாதாடவில்லை. கோட்டை எங்கே போடுகிறோம், யார் போடுகிறார்கள் என்பதுதான் என் கேள்வி. உங்கள் அனுபவங்களை எழுதுங்கள்.

அல்சூர்வாசி:

ஞாயிற்றுக்கிழமை ரஸ்ஸல் மார்க்கெட்டுக்கு வந்து பாருங்கள் ஐயா. நண்டை உயிரோடு கட்டித்தான் விற்கிறார்கள். அதற்கு மயக்க மருந்து கொடுத்தவர் யார்? ஆய்வுக்கூடத்து மீனுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கரிசனம்?

ஹெப்பாள் தொட்டிக்காரர்:

நியாயமான கேள்விதான். நானும் மீன் சாப்பிடுகிறவன். ஆனால் சந்தையில் நடக்கிற கொடுமை ஆய்வுக்கூடத்துக் கொடுமைக்கு அனுமதிச்சீட்டு ஆகாது. தவிர, கலங்கிய மீனின் உடலில் கார்டிசால் என்ற பதற்ற ஹார்மோன் ஏறும். அந்த மீனை அளந்துவிட்டு, கண்டதெல்லாம் சோதிக்கிற மருந்தின் விளைவு என்று எழுதுகிறவர் தம்மைத்தாமே ஏமாற்றிக்கொள்கிறார்.

பீன்யாவிலிருந்து ஒருவர்:

நான் கழிவுநீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்தவன். தொழிற்சாலைக் கழிவுநீருக்கான பொதுத் தரநிலையில் ஒரு வரி இருக்கிறது: நீர் கலக்காத கழிவுநீரில் 96 மணிநேரம் விட்டால் 90 சதவீத மீன்கள் பிழைத்திருக்க வேண்டும். படிக்கச் சாதாரணமாகத்தான் இருக்கும். இரவுப் பணியில் அந்தக் கண்ணாடித் தொட்டிகளுக்கு முன் உட்கார்ந்திருப்பது வேறு.

கெட்ட கழிவுநீர் மாதிரி வந்தால் மீன்கள் முதலில் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து மூடும். பிறகு நிலை தடுமாறி, தலை கீழாகவும் பக்கவாட்டிலும் சுழலும். சில மணிநேரம்கூட அப்படியே நீடிக்கும். எங்கள் பதிவேட்டில் உயிருடன், இறந்தது என்று இரண்டே கட்டங்கள். திணறியதை எழுத இடமில்லை. சாகப்போவது உறுதி என்று தெரிந்த மீனை எடுத்து முடித்துவிடலாமா என்று கேட்டேன். "அப்படிச் செய்தால் அது மீன் செத்த கணக்கா, நீ கொன்ற கணக்கா?" என்றார் மேலதிகாரி. பதில் சொல்ல முடியவில்லை.

ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டு அமைப்பு தன் மீன் நச்சுச் சோதனை முறையை 2019இல் திருத்தியபோது, சாவை மட்டும் எண்ணாமல் மீனிடம் தெரியும் அறிகுறிகளையும் பதியச் சொன்னது. முட்டைக்குள் இருக்கும் கருவை வைத்தே சோதிக்கும் முறை 2013 முதல் இருக்கிறது. இவை தெரிந்திருந்தால் அன்றைக்கு அவரிடம் இன்னும் கொஞ்சம் வாதாடியிருப்பேன். அதேசமயம் இதையும் சொல்ல வேண்டும்: 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கில் மீன்கள் செத்து மிதந்தன. கழிவுநீரைச் சோதிக்கவே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

தூத்துக்குடிப் பெண், இப்போது ஒயிட்ஃபீல்டில்:

இறாலைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று பார்த்தேன். தாய் இறாலைச் சீக்கிரம் சினைக்குக் கொண்டுவர ஒரு கண்ணை எடுப்பார்கள். முட்டை முதிர்வதைத் தடுக்கும் ஹார்மோன் கண்காம்பில்தான் சுரக்கிறது. அதனால் காய்ச்சிய இடுக்கியால் காம்பை நசுக்கி விடுவார்கள். குஞ்சு பொரிப்பகங்களில் அன்றாட வேலை; ஆய்விலும் அதே முறைதான். ஈரத்துணியில் பிடித்திருந்த இறாலின் வால் என் உள்ளங்கையில் சுளீரென்று அடித்தது இன்னும் நினைவிருக்கிறது. தொட்டியில் விட்டதும் மீதமிருந்த காம்பின் பக்கம் காலால் தேய்த்துக்கொண்டே இருந்தது. "அனிச்சைச் செயல்தான்மா" என்றார் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர். இருக்கலாம். ஆனால் மரத்துப்போகும் மருந்தைத் தடவிவிட்டுச் செய்தால் அந்த வாலடி குறைகிறது என்று 2004இலேயே ஆய்வுக் கட்டுரை வந்துவிட்டது. பெல்ஃபாஸ்டில் ராபர்ட் எல்வுட் என்ற ஆய்வாளர், காலிச் சங்குகளில் குடியிருக்கும் துறவி நண்டுகளுக்கு லேசான மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார். பிடிக்காத சங்கில் இருந்தவை சட்டென்று வெளியேறின. பிடித்த சங்கில் இருந்தவை தாங்கிக்கொண்டன. வெறும் அனிச்சை இப்படி லாபநட்டம் பார்க்காது.

பிரிட்டனில் 300க்கும் மேற்பட்ட ஆய்வுகளை அலசி 2021இல் ஜோனதன் பர்ச் குழு அறிக்கை கொடுத்தது. அடுத்த ஆண்டே விலங்குகளின் உணர்திறன் குறித்த சட்டத்தில் நண்டும் இறாலும் இடம்பெற்றன. நம்முடைய 1960ஆம் ஆண்டு வதைத் தடுப்புச் சட்டமோ, மனிதன் அல்லாத எந்த உயிரும் விலங்குதான் என்று முதலிலேயே சொல்லிவிட்டது. அதை நம்பி இறால் ஆய்வு ஒன்றுக்கு எங்கள் நெறிமுறைக் குழுவிடம் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். எங்கள் வரம்பில் வராது என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஹெப்பாள் தொட்டிக்காரர்:

அந்த விண்ணப்பத்தை எனக்கு அனுப்ப முடியுமா அம்மா? பெயர்களை அழித்துவிட்டே அனுப்புங்கள். எங்களுக்கும் ஆற்று இறால் தொட்டி வரப்போகிறது. அடுத்த மாதம் குழு கூடுகிறது. ஆர்டீமியாவை இப்போதைக்கு நான் கிளப்பவில்லை. இறாலுக்கு எந்த மயக்க மருந்து, எவ்வளவு, எவ்வளவு நேரம் என்பதையாவது எழுத்தில் வாங்கிவிடப் பார்க்கிறேன். கிராம்பு எண்ணெய் இறாலுக்குச் சரிப்படுமா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.